புராதன சைக்கிள் தேவை

புதிய சைக்கிள் வாங்குகிறவனுக்குக் கையில் பணம் இருந்தால் போதும்; பழைய சைக்கிள் வாங்க முற்படுகிறவனுக்கோ பணத்தோடு கொஞ்சம் சரித்திர ஞானமும், ஓரளவு ரசாயன சாஸ்திரப் பரிச்சயமும், இன்னும் ராஜிநாமாச் செய்யாத ஒரு ஜோடி முழங்கால்களும் வேண்டியிருக்கின்றன. கலிபோர்னியாவில் எங்கள் பக்கத்து வீட்டில் வசிக்கும் தமிழ்த் தம்பி ஒருவர், பழங்கால மலைச் சைக்கிள்களுக்கென்றே நடக்கும் பந்தயமொன்றில் என் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்து அந்த மங்களகரமான செய்தியைத் தெரிவித்தபோது, இம்மூன்றில் எதுவும் என்னிடம் உபரியாக இருக்கவில்லை.

ரேஸ் சைக்கிள்காரர்கள் இவ்விஷயத்தில் பாக்கியசாலிகள். இத்தாலியின் டஸ்கனிப் பிரதேசத்தில் 1997 முதல் நடந்து வரும் லெரோய்கா விழாவில், சைக்கிள் 1987-க்கு முற்பட்டதாயிருக்க வேண்டும், கியர் நெம்புகோல் சட்டத்தின் சாய்குழாயில் இருக்க வேண்டும், பாதம் தோல்வாரிட்ட கூட்டுக்குள் நுழைய வேண்டும் என்றெல்லாம் தெளிவான தர்மசாஸ்திரம் உண்டு. மலைச் சைக்கிளுக்கு அத்தகைய பொதுவிதி கிடையாது. பந்தயத்துக்குப் பந்தயம் ஆசாரம் மாறும். எங்கள் பந்தயத்தாரோ தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை பிறந்த எல்லாவற்றுக்கும் வாசலைத் திறந்து வைத்து, பாவம், என் போன்றவனைத் தேர்வு என்னும் சாகரத்தில் தள்ளிவிட்டார்கள்.

முழுப் பழமை வேண்டுமென்றால் ஆதிக்கே போய்விடலாமே என்று முதலில் தோன்றிற்று. அந்த ஆதி எங்களுக்கு அதிக தூரத்திலும் இல்லை. மரின் பிரதேசத்தில் ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு மேற்கேயுள்ள தீயணைப்பு வண்டிப் பாதையில், 1976 அக்டோபர் 21-ஆம் தேதி, சில இளைஞர்கள் முப்பது நாற்பதுகளில் செய்யப்பட்ட ஷ்வின் எக்ஸெல்ஸியர் முதலான பருத்த டயர்ச் சைக்கிள்களில், இரண்டு மைல் தூரத்துக்குள் 1,300 அடி இறங்கும் சரிவில் போட்டியிட்டு உருண்டார்கள். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் அந்தக் காலத்துப் பிரேக், பாதி வழியிலேயே சூடேறி, உள்ளேயிருந்த கிரீஸெல்லாம் புகையாகப் போய்விடுமாதலால், ஒவ்வோர் இறக்கத்துக்குப் பிறகும் சக்கரத்தின் குடத்தைப் பிரித்து, புது கிரீஸ் அடைத்து ஓவராயில் செய்ய வேண்டியிருந்தது. அதனாலேயே அந்தப் பாதைக்கு ரீபேக், அதாவது ‘மறுபடி அடை’, என்று பெயர் நிலைத்தது. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த காரி ஃபிஷர் அதை 4 நிமிஷம் 22 வினாடியில் இறங்கியிருக்கிறார். தலைக்கவசத்தின் வாரை மாட்டி முடிக்கவே எனக்கு ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். பிரேக் ஆவியாகும் வாகனத்தை, எவ்வளவுதான் சரித்திர மகிமை பெற்றிருந்தாலும், நான் தூரத்திலிருந்தே சேவித்துக்கொண்டேன்.

அடுத்து வந்தவை அருமையான சைக்கிள்கள்தாம். ஆனால் அவற்றின் அருமையே எனக்கு ஆபத்து. அதே கூட்டத்தைச் சேர்ந்த ஜோ ப்ரீஸ் 1977-ல் மலைக்கென்றே தம் கையால் செய்த முதல் சைக்கிள் ஸ்மித்ஸோனியன் பொருட்காட்சிசாலையில் போய் அமர்ந்துவிட்டது. 1981-ல் 15 கியர்களோடு 750 டாலருக்குக் கடைக்கு வந்த ஸ்டம்ப்ஜம்ப்பர் என்னும் மலைச் சைக்கிளை இன்று சேகரிப்பாளர்கள் பூஜையறையில் வைக்காத குறையாகப் பாதுகாக்கிறார்கள். அதிலேறி நான் விழுந்தால், கூடியிருக்கும் ஜனங்கள் என் எலும்பை மறந்து பெயின்டுக்காக அழுவார்கள்.

எண்பதுகளின் மத்தியில்தான் புத்திசாலிகள் சைக்கிளுக்குள் பிரவேசித்தார்கள். பின்சக்கரப் பிரேக்கைக் கண்ணுக்குத் தெரியும் இடத்திலிருந்து அகற்றி, பெடல் அச்சுக்குப் பின்னால் அடிக்குழாய்களின் கீழே ஒளித்து வைத்தார்கள். டயர் வாரித்தரும் சேறு முழுவதும் தவறாமல் வந்து சேரும் ஸ்தலம் சைக்கிளில் ஒன்று உண்டென்றால் அது அதுவே. போதாக்குறைக்கு, மிதிப்பது சுலபமாகும் என்று சொல்லி வட்டமல்லாத பல்சக்கரமொன்றையும் ஷிமானோ கம்பெனியார் மாட்டினார்கள். பயோபேஸ் என்னும் அந்த விசித்திரம் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே அந்தர்த்தானமாயிற்று. பல்லாயிரம் வருஷங்களாக மனிதனுக்கு உழைத்துவரும் வட்டத்தின்மேல் அப்படி என்ன அதிருப்தியோ!

தொண்ணூறுகளின் சைக்கிள் ஒன்றைத் தம்பி ஆசையோடு காட்டினார். திருகாணி முதற்கொண்டு ஊதா நிறம். முன்னால் அதிர்ச்சி தாங்கும் ஃபோர்க். நான் முன்பு சொன்ன ரசாயன சாஸ்திரம் இங்கேதான் தேவைப்படுகிறது. அந்தக் காலத்து ஃபோர்க்குகள் பலவற்றில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் போன்ற எலாஸ்டோமர் உருளைகளை அடுக்கியிருப்பார்கள். வயதான எலாஸ்டோமர் ஒன்று கல்லாகிறது, அல்லது பிசினாகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே அது ஸ்பிரிங்காயிருந்த காலத்தை நாம் தவறவிட்டுவிட்டோம். பழைய எளிமை முப்பது வருஷத்துக்குப் பின்னும் வேலை செய்கிறது. பழைய புதுமையோ மியூசியத்துக்குக்கூட உதவாமற் போகிறது என்பதே என் தீர்மானமான அபிப்பிராயம்.

ஆகவே எண்பதுகளின் கடைசியில் செய்யப்பட்ட, பெயர் சொல்லிப் பெருமைப்பட ஏதுமில்லாத, இரும்புச் சட்டமும் ஆடாத ஃபோர்க்கும் கொண்ட சைக்கிளொன்றை எடுத்துக்கொண்டேன். கியர் மாற்றக் கட்டைவிரலால் தள்ளும் நெம்புகோல். உள்ளே கெட்டுப்போக அநேகமாக ஒன்றுமில்லை. பிரேக்குகள் கீச்சிட்டு அலறுகின்றன. முன்னால் போகிறவர்கள் தாமே விலகிக்கொள்வார்களாதலால் மணி வாங்கும் செலவு மிச்சம். ஹாண்டில்பார் 22 அங்குல அகலந்தான். அதைத் தாங்கும் தண்டோ, ஓட்டுகிறவனை முன்சக்கரத்துக்குச் சாஷ்டாங்கமாக நமஸ்கரிக்க வைக்கும் நீளம்.

“அண்ணா, மலைச் சைக்கிள் பந்தய வீரர் ஜான் டோமாக் 1990-ல யெட்டி சைக்கிள்ல ரேஸ் சைக்கிள் மாதிரி வளைஞ்ச ஹாண்டில்பார் வச்சு ஓட்டினார். நாமளும் அதையே மாட்டிடலாமா?” என்றார் தம்பி.

“டோமாக்கோட இடுப்பையும் சேர்த்து மாட்டித் தர்றதா இருந்தா எனக்கு ஆட்சேபணை இல்லை, தம்பி” என்றேன்.

இனி ஒரு விண்ணப்பம். இக்காலத்து மலைச் சைக்கிள்கள் 27.5, 29 அங்குலச் சக்கரங்களுக்கு உயர்ந்துவிட்டபடியால், பக்கச்சுவர் பழுப்பு நிறமான பழைய 26 அங்குல டயர் கிடைப்பது துர்லபமாகி வருகிறது. வாசகர்களில் எவர் வீட்டுக் கொட்டகையிலேனும் வெடிப்பில்லாத ஜோடி இருந்தால் எறிந்துவிட வேண்டாம். நியாயமான விலை கொடுத்து வாங்கிக்கொள்ளச் சித்தமாயிருக்கிறேன். பிரேக் கட்டைகள் மட்டும் வேண்டாம். அவற்றைப் புதிதாகவே வாங்கிவிட்டேன்.