அடுத்த செட் ஆரூடக்காரர்

மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு ஆட்டம் 1993-இல் வந்தது. வடிவமைத்தவர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு. ஆண்டுதோறும் அதில் சில புதிய செட்டுகள் வெளியாகின்றன; பெரும்பாலானவற்றுக்கு ஓர் உலகமும் ஒரு கதையும் உண்டு. சாதாரண ஆட்டக்காரர் செட் கடைக்கு வந்ததும் பாக்கெட்டைப் பிரிப்பார். ஆரூடக்காரருக்கு அதற்குள் அந்தச் செட் பழசாகியிருக்கும். இன்னும் பெயரே வைக்காத அடுத்த செட்டில் எந்த உலகம், யார் வில்லன், எந்த அரக்கன் யாரைத் தின்பான் என்பதையெல்லாம், ஆட்டத்தைத் தயாரிக்கும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்துக்கு முன்பே முடிவு செய்வது அவர் வேலை. சம்பளம் கிடையாது.

அவருடைய முதல் ஆதாரம் சங்கேதப் பெயர். செட் தயாராகும் காலத்தில் நிறுவனம் அதை வேறொரு பெயரால் அழைக்கும். சில ஆண்டுகளாக விளையாட்டுகளின் பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் வந்தன: ஆர்ச்சரி, பேஸ்பால், கிரிக்கெட். உள்ளடக்கத்துக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை என்று சொன்னால், தொடர்பு இருப்பதை மறைக்கத்தான் சொல்கிறார்கள் என்று அவர் புரிந்துகொள்வார். ஆர்ச்சரி என்றால் வில், வில் என்றால் காடு, காடு என்றால் ராபின் ஹூட். 2019-இல் வந்தது த்ரோன் ஆஃப் எல்ட்ரெய்ன்: ஆர்தர் மன்னரும் தேவதைக் கதைகளும். வில்லாளிகளும் இருந்தார்கள், எல்லாச் செட்டிலும் இருப்பதைப்போல. பலித்தது என்று கணக்கில் சேர்ந்தது. 2020-இல் கிரிக்கெட் என்ற பெயருக்குள்ளிருந்து ஐகோரியா வந்தது. ராட்சத விலங்குகள், காட்ஸில்லாகூட இருந்தது. மட்டையும் பந்தும்தான் இல்லை. அந்த ஆண்டுக் கணக்கை அவர் எடுத்துக் காட்டுவதில்லை.

இரண்டாவது ஆதாரம் மார்க் ரோஸ்வாட்டர். 2003 முதல் ஆட்டத்தின் தலைமை வடிவமைப்பாளர். அதற்கு முன் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடருக்கு எழுதியவர், அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. புதிய செட்டின் கார்டுகளை முன்னோட்டமாகக் காட்டத் தொடங்குமுன் அரைகுறைத் துப்புகளாக ஒரு பட்டியல் தருவார். எல்லாம் உண்மை, ஒன்றாலும் பயனில்லை. ஆரூடக்காரர் அதற்கு எழுதும் உரை மூலத்தைப்போல் பல மடங்கு நீளும்.

மூன்றாவது எண். இதில் மட்டும் அவரைக் கேலி செய்வது கடினம். 1998-இல் எக்ஸோடஸ் செட்டிலிருந்து ஒவ்வொரு கார்டின் அடியிலும் வரிசை எண் அச்சாகிறது. வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என்று நிறவரிசை. நிறத்துக்குள் ஆங்கில அகரவரிசை. 20-ஆம் கார்டும் 22-ஆம் கார்டும் தெரிந்துவிட்டால், காட்டப்படாத 21-இன் பெயர் எந்த எழுத்துகளுக்கு இடையில் தொடங்க வேண்டும் என்பது தெரிந்துபோகும். இப்படி இடைவெளிகளை நிரப்பி, செட் முழுவதும் வெளியாகுமுன் பாதிப் பட்டியலை எழுப்பிவிடுவார். அலுவலகக் கணக்கில் இவ்வளவு அக்கறை காட்டியிருந்தால் மேலாளராகியிருப்பார்.

இந்த இனத்துக்கு நம்பிக்கை ஊட்டியது டார்மோகாய்ஃப். 2007 மே மாதம் ஃபியூச்சர் சைட் செட்டில் வந்த கார்டு. ஆட்டத்தில் கழிந்த கார்டுகள் சேரும் எல்லாருடைய கல்லறைக் குவியல்களிலும் எத்தனை கார்டு வகைகள் கிடக்கின்றன என்பதைப் பொறுத்து அதன் பலம் கூடும். அந்த வகைகள் எவை என்று அடைப்புக்குறிக்குள் சிறிய சாய்வெழுத்தில் ஒரு பட்டியல். அதில் பிளேன்ஸ்வாக்கர் என்றொரு வகை. அதுவரை ஆட்டத்தில் அப்படி ஒரு கார்டே அச்சானதில்லை. அக்டோபரில் லார்வின் செட்டில் ஐந்து பிளேன்ஸ்வாக்கர்கள் வந்து இறங்கினார்கள். அன்று முதல் அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் அவருக்கு அசரீரி. அச்சுப்பிழைக்கும் அந்த மரியாதை கிடைக்கிறது.

பழைய உலகம் திரும்புமா என்பதில் தேறியவர்கள் ஓர் உட்பிரிவு. இதற்கு ரோஸ்வாட்டரே ரபையா என்ற பெயரில் 1 முதல் 10 வரை ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார். எண் கூடக் கூட நம்பிக்கை குறையும். ஜப்பானியப் புராணச் சாயலில் 2004-இல் வந்த காமிகாவா எளிதில் திரும்பாது என்பதே நெடுங்காலப் பேச்சு. அப்படியும் ஒவ்வோர் அறிவிப்புக்கு முன்னும் காமிகாவா என்றே சொல்லிவந்தவர்கள் உண்டு. 2022 பிப்ரவரியில் காமிகாவா: நியான் டைனஸ்டி வந்தது. தினமும் மழை வரும் என்று சொல்பவன் நனைந்த அன்று அடையும் பெருமிதம் அவர்களுக்கு இருந்தது.

2011-இல் நிறுவனமே ஊகத்தை வியாபாரமாக்கிப் பார்த்தது. அடுத்த செட்டின் பெயர் மிரோடின் பியூர் அல்லது நியூ ஃபைரெக்சியா. கதையில் நடக்கும் போரில் எந்தத் தரப்பு வெல்கிறதோ அதன் பெயர் நிற்கும் என்றார்கள். நின்றது நியூ ஃபைரெக்சியா. பூவா தலையா போட்டாலும் பாதிப் பேர் ஜெயிக்கும் இந்தக் கேள்வியில் சரியாகச் சொன்னவர்கள், அதைக் கதையமைப்பை நுணுகி வாசித்ததன் பலன் என்று இன்றும் விளக்குகிறார்கள்.

பொறுமையில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. ஃபியூச்சர் சைட்டிலேயே ஸ்டீம்ஃப்ளாகர் பாஸ் என்றொரு கார்டு உண்டு. ஒரு கான்ட்ராப்ஷனைப் பூட்டும் இடத்தில் இரண்டாகப் பூட்டு என்கிறது. கான்ட்ராப்ஷன் என்றால் என்ன, பூட்டுவது எப்படி என்று அப்போது எந்த விதியிலும் இல்லை, எழுதியதே வேடிக்கைக்கு. ஆரூடக்காரர்கள் விடவில்லை. கியரோ பல்சக்கரமோ படத்தில் தெரிந்த ஒவ்வொரு செட்டிலும் இந்த முறை கான்ட்ராப்ஷன்தான் என்றார்கள். 2017 டிசம்பரில் அது உண்மையிலேயே வந்தது, அன்ஸ்டேபிள் என்ற கேலி செட்டில். வெள்ளி விளிம்பு போட்ட, முறையான போட்டிகளில் அனுமதியில்லாத கார்டுகளாக. பத்தாண்டு காத்திருந்தவர்கள் அந்த விளிம்பைப் பற்றிப் பேசவில்லை. வரும் என்று சொன்னோமா இல்லையா என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.