உப்பளத்துப் பேரன்

என் தாத்தா தூத்துக்குடி உப்பளத்தில் 30 வருஷம் கங்காணியாக இருந்தவர். பாத்தியில் உப்பின் செறிவை அளக்கும் டிகிரி மீட்டரை மிதக்கவிட்டு, "25 தொட்டாச்சு, இனி உப்பு இறங்கும்" என்பார். இறங்கும். அவருடைய பேரன் சிங்கப்பூரில் பன்னிரண்டாவது மாடி வீட்டில், 100 லிட்டர் தண்ணீரில் உப்பை ஒரு நிலையில் வைக்கத் தெரியாமல் பவளத்தைச் சாகடிக்கப் பார்த்தான். அந்தப் பேரன் நான்தான்.

ஊரில் பவளம் வளர்க்கும் ஆசைக்கு வழியில்லை. 2001-லிருந்து கல்பவளங்களெல்லாம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே வரிசையில் இருக்கின்றன. அதற்கு முன்பு இதே முருகைக்கல்லைக் கடலிலிருந்து வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக் காளவாசலில் எரித்த ஊர்தான் எங்களுடையது. வண்டிக்கணக்கில் வெந்த அந்தக் கல்லின் தூரத்துச் சொந்தம் ஒன்றை, முறையாக இறக்குமதியான மூன்று தலைகள் கொண்ட ஹேமர் பவளத்தை, 80 வெள்ளிக்கு வாங்கி வந்தேன். சின்னச் சின்னச் சுத்தியல்போல் நுனி கொண்ட பச்சை விரல்கள் தண்ணீரில் ஆடும். பார்த்தால் செடி, உண்மையில் பிராணி. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் சமைத்து வீட்டுக்காரருக்கே சோறு போடுகிற குடித்தனக்காரர். சிங்கப்பூரில் அப்படியொரு குடித்தனக்காரர் கிடைத்தால் நானே வாடகை கொடுப்பேன்.

முதல் பிழை ஆவி. சூட்டைக் குறைக்கத் தொட்டிக்கு மேலே இரண்டு விசிறி வைத்தேன். தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 27-க்கு இறங்கியது, கூடவே தினமும் 2 லிட்டர் காணாமல் போனது. போனது கடல் தண்ணீர், ஆகவே ஊற்ற வேண்டியதும் கடல் தண்ணீர் என்று முடிவு கட்டினேன். லிட்டருக்கு 35 கிராம் உப்பைக் கரைத்துக் கரைத்து ஊற்றினேன். ஆவியாய்ப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கும் என்பது உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை சோறு தின்றதே அந்த ஒரு உண்மையை வைத்துத்தான். ஏழு வயதில் பாத்தி வரப்பில் நின்று தாத்தாவிடம் கேட்டிருக்கிறேன், தண்ணி எங்கே போச்சு என்று. "தண்ணி தாம்ல போவும். உப்பு எங்கல போவும்?" என்றார்.

பத்து நாளில் உப்பு 35-லிருந்து 42-க்கு ஏறியிருந்தது. அது எனக்குத் தெரியவில்லை. என் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரின் முள்ளில் உப்பு படிந்து கனத்துப்போய், அது கடல் தண்ணீருக்கு உரிய 1.025 என்று விசுவாசமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அளக்கிற கருவியைக் கழுவி வைக்க வேண்டும் என்பதை நான் படித்திருந்தேன். படித்தது வேறு, கழுவியது வேறு.

பவளம் சுருங்கிப்போன பிறகு கடைக்குத் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடினேன். கடைக்கார அங்கிள் ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஊறுகாய் போடப் போறீங்களா?" என்கிற பார்வை. மெதுவாக, ஒரு வாரம் எடுத்து இறக்குங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

ஒரு வாரமா? அதுவரை அந்த உயிர் துடிக்க வேண்டுமா? அன்று இரவே 15 லிட்டரை வெளியே எடுத்துவிட்டு, 15 லிட்டர் நல்ல தண்ணீரை மடமடவென்று ஊற்றினேன். இதுதான் இரண்டாவது பிழை. தொட்டியிலிருந்த நத்தைகள் நான்கும் மல்லாந்தன. மூன்றாம் நாள் காலை பவளத்தின் ஒரு தலையில் பழுப்பாகக் கூழ் கட்டியிருந்தது. நேற்றுவரை விரலாக இருந்த சதை, தொட்டால் நூலாய் இழுபட்டுக் கரைந்தது. உள்ளே வெள்ளை எலும்பு, பூ மடல்போல் மெல்லிய தகடுகள். வீடெல்லாம் ஒரு வாடை. சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்: "என்னங்க, கருவாடு வாங்கினீங்களா?"

அந்தத் தலையை வெட்டி எறிந்தேன். மீதி இரண்டு. நியாயமாக அங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் புதிதாக ஒரு சோதனைப் பெட்டி வாங்கியிருந்தேனே! காரத்தன்மை 6.5 டிகிரி என்று காட்டியது, 8-க்கு மேல் இருந்தால் நல்லதாம். பவளம் தன் எலும்பைக் கட்டத் தண்ணீரிலிருந்து சுண்ணாம்புச் சத்தையும் கார்பனேட்டையும்தான் எடுக்கிறது. குறைந்தால் சமையல் சோடா போடலாம், 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் ஒரு டிகிரி ஏறும், நாளுக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றக்கூடாது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். மனப்பாடம் செய்துவிட்டு, அடுக்களையிலிருந்து ஆப்ப சோடாவை எடுத்து ஒரே தடவையில் மூன்று தேக்கரண்டி. 6.5 மறுநாள் 11-ஐத் தாண்டி நின்றது. பவளம் மறுபடி வாயை மூடியது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆப்பமும் உப்பவில்லை. இரண்டு தரப்புக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இன்னும் உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பழக்கத்தில் குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி வாளியில் வைத்தால் மருந்து வாடை போய்விடும் என்று நம்பினேன். சிங்கப்பூர்க் குழாயில் வருவது குளோரமின், வாளியில் வைத்தால் போகாது. நிறம் மங்குகிறதே என்று விளக்கை முழுசாகக் கூட்டினேன், குடித்தனக்காரப் பாசி பாதி வெளியேறி நிறம் இன்னும் வெளுத்தது. தண்ணீர் கண்ணாடியாக இருக்கட்டும் என்று வடிகட்டி வடிகட்டி, பவளத்துக்கு வேண்டிய கொஞ்சநஞ்ச நைட்ரேட்டையும் துடைத்தெடுத்தேன்.

அப்பாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை என்று மூன்று வாரம் தூத்துக்குடி போக வேண்டி வந்தது. மனைவியிடம் இரண்டு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அளக்க வேண்டியவை, கலக்க வேண்டியவை, காலை, மாலை எல்லாம் அதில். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டியைப் பார்த்தேன். இரண்டு தலைகளும் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றின் அடியில் பட்டாணி அளவில் புதுத் தலை ஒன்று முளைத்திருந்தது.

"என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலையே." குறிப்புத் தாள் குளிர்பெட்டிக் கதவில் மடிப்புக் கலையாமல் இருந்தது. "மீனுக்கு ஒரு சிட்டிகை தீனி. தண்ணி அந்தப் பொட்டுக்குக் கீழ போனா, கேன்ல இருந்த நல்ல தண்ணிய பொட்டு வரைக்கும் ஊத்தினேன்."

அப்போதுதான் பார்த்தேன். கண்ணாடியில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு.

நான் அந்தப் பவளத்தை ஒரு நாள்கூடக் கவனிக்காமல் விட்டதில்லை, அதுதான் அதற்கு வந்த கேடு. அது கேட்டதெல்லாம் நேற்றுப்போல் ஓர் இன்று. நான் கொடுத்ததோ தினமும் ஒரு திருநாள்.

இப்போது திருந்திவிட்டேன். போன வாரம் பொட்டு ஒரு ஓரம் உரிந்து நின்றது. சும்மா இருக்க முடியாமல் எடுத்து, பசை தடவி, நேராக ஒட்டினேன். மனைவி வந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதை உரித்து, அரை சென்டிமீட்டர் மேலே ஒட்டிவிட்டுப் போனாள்.