சர்வே நம்பருக்குத் தேதி குறித்தாச்சு

(ஓட்டப்பிடாரம், ஒரு வீட்டுத் திண்ணை. மாமா ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர். மருமகன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் டேட்டா அனலிஸ்ட்.)

மருமகன்: மாமா, இந்தப் பயிர்க்கணக்கு அடங்கல்ல எதுக்கு இத்தன கலம்? எக்செல்ல போட்டு நாலே கலமாக்கிட்டேன்.

மாமா: எந்தக் கலமெல்லாம் கழிஞ்சுது?

மருமகன்: பாசன ஆதாரம். மேலருந்து கீழ வரைக்கும் 'மானாவாரி, மானாவாரி'ன்னே இருக்கு. எல்லா வரியிலயும் ஒண்ணே வந்தா அதுல தகவலே இல்லன்னு அர்த்தம்.

மாமா: அந்த ஒத்தச் சொல்லுக்காகத்தாம்ல கரிசக்காடு பூராவும் ஐப்பசில வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கி. அப்புறம்?

மருமகன்: 'குறிப்பு'. முக்காவாசி காலி.

மாமா: மிச்சக் காவாசில?

மருமகன்: 'உளுந்து சாவி', 'மக்காச்சோளத்தில் படைப்புழு'ன்னு என்னமோ. அத வச்சு கிராஃப் போட முடியாது மாமா. எடுத்துட்டுப் பாருங்க, ஊரு எவ்வளவு செழிப்பு!

மாமா: மழை கெடுத்தா நிவாரணம் கேக்கலாம். நீ செழிக்க வச்சிட்டா யார்ட்டப் போய்க் கேக்க?

மருமகன்: பதறாதீங்க. மறைச்சுதான் வச்சிருக்கேன், அழிக்கல. ஒரு கிளிக்குல எல்லாம் திரும்ப வந்திரும்.

(கலங்கள் வருகின்றன.)

மாமா: வந்துட்டு, சரி. சர்வே நம்பர் கலத்துல '12-ஃபெப்'னு நிக்கே, அங்க இருந்த 12/2 எங்கல?

மருமகன்: எக்செல் அதத் தேதின்னு நெனச்சிருச்சு.

மாமா: 145/2 மட்டும் தப்பிச்சிருக்கு?

மருமகன்: எந்த மாசத்துலயும் 145-ஆம் தேதி கிடையாதுல்லா! இருங்க, ஃபார்மட்ட 'ஜெனரல்'னு ரீசெட் பண்ணுதேன்.

(12-ஃபெப் இருந்த இடத்தில் 45334.)

மாமா: இது யாரு பட்டா?

மருமகன்: எக்செல் 1900-லருந்து நாள எண்ணுது. இது 2024-ல ஏத்துன ஃபைல். அந்த வருசம் பிப்ரவரி 12-க்கு 45334.

மாமா: ஜோசியம் நல்லாத்தான் பாக்கு. நிலத்தக் காணோம்.

மருமகன்: உலகம் பூரா இதே கதைதான் மாமா. 'செப்ட்1'னு மனுச ஜீன் ஒண்ணு. எக்செல் அத செப்டம்பர் 1 ஆக்கிட்டே இருந்துச்சு. 2020-ல விஞ்ஞானிங்க ஜீனுக்கே 'செப்டின்1'னு பேர மாத்திட்டாங்க.

மாமா: அப்ப நாங்க பட்டாவ மாத்தணுமோ? நாங்க கணக்குல தப்பு விட்டா ஒத்தக் கோடு கிழிச்சு, பக்கத்துல திருத்தி, கையெழுத்துப் போடுவோம். கோட்டுக்கு அடியில பழசு தெரியணும். ஜமாபந்தித் தணிக்கைல கேட்டா பதில் சொல்லணும்லா.

மருமகன்: அதுக்கும் வழி இருக்கு. எக்செல்லோட பவர் குவெரி வழியா எடுத்தா மூல ஃபைல் அப்படியே இருக்கும். நாம செஞ்சதெல்லாம் வலப்பக்கம் படிப்படியா நிக்கும். வகைய மாத்துன படிய நீக்கிட்டா 12/2 திரும்ப வந்திரும்.

மாமா: பெறவு ஏன் அப்படி எடுக்கல?

மருமகன்: நாலு கிளிக் கூடுதல் மாமா.

மாமா: மூல ஃபைலயாவது காட்டு.

மருமகன்: (தலையைச் சொறிந்து) அதுமேலயே சேவ் பண்ணிட்டேன்.

மாமா: நல்லா இருக்குவே! பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கலக் கேக்கான். 45334-னு ஒரு நிலம் இந்த ஊர்ல கிடையாது. இனி கலத்துல கை வைக்க முன்னாடி மூலத்தத் தனியா நகல் எடுத்து வையி. சர்வே நம்பர் கலத்த 'டெக்ஸ்ட்'னு சொல்லிட்டு ஃபைல ஏத்து. எந்தக் கலம் வேண்டாம்னு காட்டுக்காரன்ட்டக் கேட்டு முடிவு பண்ணு. மூலம் இல்லாம ரீசெட் பட்டன் எத்தன இருந்தாலும் ஒண்ணுக்கும் ஆகாது.