நானூறு ரூபாய் விரதம்

நேற்று காலை ஏழு மணிக்கு, திருவண்ணாமலையில் குபேர லிங்கத்துக்கு ஒரு கூப்பிடு தூரம் முன்னால், என் டி.வி.எஸ். எக்ஸ்.எல். நின்றது. ரிப்பேர் இல்லை, பெட்ரோல் இல்லை. போட மறந்தேனா என்றால் அதுவும் இல்லை. ஆறு நாளாகத் திட்டம் போட்டு, வண்டியைப் பட்டினி போட்டு, பங்க் வாசலில் கடைசிச் சொட்டு தீர்கிற மாதிரி ஓட்டிக்கொண்டு வந்தேன். கணக்கு இரண்டு கிலோமீட்டர் பிசகிவிட்டது.

இறங்கித் தள்ளினேன். கிரிவலப் பாதையில் காலையில் வண்டி தள்ளுகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. எல்லோரும் வெறுங்காலோடு பக்தியாக நடக்கிறார்கள். நாம் மட்டும் செருப்புப் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க, வாய்க்குள் யாரையோ திட்டிக்கொண்டு போவோம். பின்னால் வந்த ஆந்திராக்கார அம்மா ஒருவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டு, “மொக்கா?” என்று கேட்டார். தெலுங்கில் மொக்கு என்றால் வேண்டுதல். வண்டியைத் தள்ளிக்கொண்டே மலையைச் சுற்றுவதாக நேர்ந்துகொண்டேனோ என்று கேட்கிறார். “மொக்கைதாம்மா” என்றேன். அவருக்கு அது தெலுங்காகவே கேட்டிருக்க வேண்டும். இன்னொரு தடவை கும்பிட்டார்.

மளிகைக்கும் பெட்ரோலுக்கும் எந்த கிரெடிட் கார்டு லாபம் என்று கேட்கிற நண்பர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதிலாக எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் இந்த நானூறு ரூபாய் விவகாரத்தை முடித்துக்கொள்கிறேன். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

கார்டைத் தேய்த்துப் பெட்ரோல் போட்டால் ஒரு சதவீதம் சர்சார்ஜ். அதைத் திருப்பித் தருவோம் என்று கார்டின் முகப்பிலேயே பெருமையாகப் போட்டிருக்கிறது. பின்பக்கத்தில், எறும்பு படிக்கிற எழுத்தில், ஒரு தடவைக்குக் குறைந்தது 400 ரூபாய்க்குப் போட வேண்டும் என்றிருக்கிறது. கார் வைத்திருப்பவனுக்கு 400 ரூபாய் ஒரு மடக்கு. எக்ஸ்.எல்.லுக்கு அது தீபாவளி விருந்து. அதன் டாங்க் மொத்தமே நாலு லிட்டர். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய பிறகு, நானூறு ரூபாய்க்குப் போட வேண்டுமானால் டாங்கில் ஒரு டம்ளர் பெட்ரோல்கூட மிச்சம் இருக்கக் கூடாது. ஒரு டம்ளர் இருந்தால் 385-இலேயே விளிம்பு தட்டி, பங்க் பையன் “போதும்ணா, வழியுது” என்பான். 385-க்குச் சலுகை கிடையாது. மூன்று ரூபாய் எண்பத்தைந்து காசும், அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் போயே போச்சு.

ஆகவே விரதம். டாங்கில் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்ள இந்த வண்டியில் எனக்கு வாய்த்த ஒரே கருவி என் காதுதான். ராத்திரி சாப்பிட்டுவிட்டு வாசலுக்கு வந்து, ஸ்டாண்டை எடுத்து, வண்டியை இடமும் வலமும் குலுக்கி, டாங்கில் காதை வைத்துக் கேட்கிறேன். ‘களக் களக்’ என்றால் ஒரு லிட்டர். ‘சளக்’ என்றால் அரை. ‘சிலிக்’ என்று நாக்கில் வெல்லம் கரைகிற மாதிரி ஒன்று கேட்டால் கால் லிட்டர். நாளைக்கு பங்க்குக்குக் கிளம்பலாம். ஒன்றுமே கேட்காவிட்டால் தள்ள வேண்டியதுதான். எதிர்வீட்டுப் பெரியவர் இரண்டு வாரம் இதைப் பார்த்துவிட்டு, என் மனைவியிடம் தனியாக, “தம்பிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?” என்று விசாரித்திருக்கிறார்.

சரி, பக்கத்து பங்க்கிலேயே போடலாமே என்பீர்கள். அதிலும் சூட்சுமம் இருக்கிறது. என் கார்டு ஒரு குறிப்பிட்ட பெட்ரோல் கம்பெனியோடு சம்பந்தம் பண்ணிக்கொண்ட கார்டு. அந்தக் கம்பெனி பங்க்கில் போட்டால்தான் பாயின்ட் கொட்டும். மற்ற பங்க்கில் போட்டால் சொட்டும். நான் போகிற அந்த பங்க் டவுனுக்குள் இருக்கிறது. எங்கள் அடி அண்ணாமலையிலிருந்து வாயு லிங்கம், குபேர லிங்கம், இடுக்குப் பிள்ளையார், ஈசான்ய லிங்கம் என்று போய், போட்டுக்கொண்டு, செங்கம் ரோடு வழியாக அக்னி, எமன், நிருதி, வருணன் என்று திரும்பி வந்தால் மொத்தம் பதினாலு கிலோமீட்டர். அதாவது மலையை முழுசாக ஒரு சுற்று. நான் பெட்ரோல் போடும்போதெல்லாம் ஒரு கிரிவலம் ஆகிறது. அதற்கே கால் லிட்டர் செலவு. நாலு ரூபாயை மிச்சம் பிடிக்க இருபத்தைந்து ரூபாய். புண்ணியத்தை வரவில் வைத்தால்தான் கணக்கு நேராகிறது.

பௌர்ணமி வேறு வந்துவிடும். அன்றைக்குப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். ஊரே லட்சக்கணக்கில் நடந்துகொண்டிருக்க, நான் வாசலில் உட்கார்ந்து, டாங்கில் இருக்கிற முக்கால் லிட்டர் ஆவியாகிப் போகாதா என்று வேண்டிக்கொண்டிருப்பேன். முன்பெல்லாம் டாங்க் நிறைய இருந்தால் மனசு நிறைவாக இருக்கும். இப்போது காலியாக இருந்தால்தான் தூக்கம் வருகிறது.

ஒரு காலத்தில் இவ்வளவு பாடு இல்லை. பணமதிப்பு நீக்கம் வந்த அடுத்த மாதம், 2016 டிசம்பரில், கார்டில் பெட்ரோல் போட்டால் 0.75 சதவீதம் தள்ளுபடி என்று அரசாங்கமே அறிவித்தது. டம்ளர் கணக்கெல்லாம் பார்க்க வேண்டியதில்லை. நமக்குப் பழக்கம் நன்றாக ஊறிய பிறகு, 2019 அக்டோபரிலிருந்து கிரெடிட் கார்டுக்கு அதை நிறுத்திவிட்டார்கள். பொரி போட்டு மீனைப் பழக்குகிறவர்கள் பொரியை எப்போது நிறுத்துவார்கள் என்று மீனுக்கு யாரும் சொல்வதில்லை.

பெட்ரோல் முடிந்தது. மளிகைக்கு வருகிறேன்.

இந்தக் கார்டை என் தலையில் கட்டியவன் பெங்களூரில் ஐ.டி.யில் இருக்கும் என் அக்கா மகன். அவனிடம் ஏழு கார்டு இருக்கிறது. எந்தக் கடைக்கு எந்தக் கார்டு என்று எக்செல் ஷீட் போட்டு வைத்திருக்கிறான். “மாமா, நீங்க மாசம் எட்டாயிரத்துக்கு மளிகை வாங்கறீங்க. அஞ்சு பர்சன்ட்னா நானூறு ரூபா. அதை ஏன் விடணும்?” என்றான். நியாயமாகத்தான் பட்டது. அந்த ஐந்து சதவீதத்துக்கு மாதத்துக்கு நூறு ரூபாய்தான் உச்சவரம்பு என்பது ஷீட்டின் வலது கோடியில், நான் தள்ளிப் பார்க்காத கட்டத்தில் இருந்திருக்கிறது.

நாங்கள் மளிகை வாங்குவது அண்ணாச்சி கடையில். இருபது வருஷமாக நோட்டுக் கணக்கு. அவரிடம் கார்டு மெஷின் கிடையாது, கியூ.ஆர். அட்டையும், பணம் விழுந்தால் கத்துகிற பெட்டியும் உண்டு. 2022 செப்டம்பரிலிருந்து ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யில் இணைத்துக்கொள்ளலாம். இணைத்தேன். துவரம் பருப்பு, புளி, காய்ந்த மிளகாய், செக்கு எண்ணெய் எல்லாம் சேர்த்து ஒரு மாதம் முழுக்க அட்டையைக் காட்டி வாங்கினேன். பெட்டி கத்தியது. நானும் உள்ளுக்குள் கத்தினேன், சந்தோஷத்தில்.

ஸ்டேட்மென்ட் வந்தது. மளிகைப் பாயின்ட் பூஜ்யம். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, ஒன்றை அழுத்தி, நாலை அழுத்தி, ஒன்பதை அழுத்தி, பாட்டுக் கேட்டு முடித்தபின் ஒரு பெண் வந்தார். “சார், நீங்கள் செய்தது மளிகைச் செலவு இல்லை. முடி திருத்தும் செலவு.”

விஷயம் இதுதான். ஒவ்வொரு கடைக்கும் நாலு இலக்கத்தில் ஒரு நம்பர் உண்டு. மளிகைக்கு 5411, முடிவெட்டும் கடைக்கு 7230. கடைக்குள் பருப்பு இருக்கிறதா, கத்தரிக்கோல் இருக்கிறதா என்று பேங்க் எட்டிப் பார்ப்பதில்லை, நம்பரைத்தான் பார்க்கும். அண்ணாச்சி மாட்டியிருந்த அட்டை, அவர் மச்சான் சலூன் வைத்திருந்த காலத்தில் வாங்கியது. சலூனை மூடிவிட்டு மச்சான் ஊருக்குப் போய்விட்டான். அட்டை நன்றாகத்தானே இருக்கிறது என்று அண்ணாச்சி வாங்கி மாட்டிக்கொண்டார்.

ஆக, பேங்க்கின் கணக்குப்படி நான் ஒரே மாதத்தில் 7,860 ரூபாய்க்கு முடி வெட்டிக்கொண்டிருக்கிறேன். என் தலையில் பத்து வருஷமாக வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. காதுக்கு மேலே இரண்டு பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. அதற்கு மாதம் 7,860 ஆகாது. இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். “உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டேன் சார்” என்றார்.

அண்ணாச்சியிடம் போய் அட்டையை மாற்றச் சொன்னேன். “எனக்குக் காசு சரியா விழுதே சார், நான் ஏன் மாத்தணும்?” என்றார். பதில் இல்லை. அவரே இரக்கப்பட்டு, கொசுறாக ஒரு கை கறிவேப்பிலையைப் பையில் போட்டார். இருபது வருஷமாகப் போடுகிறார். அதற்கு உச்சவரம்பு கேட்டதில்லை, காலாவதித் தேதி பார்த்ததில்லை. இதைக் கவனித்து நான் திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை. அந்தக் கறிவேப்பிலை எத்தனை பாயின்ட்டுக்குச் சமம் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.

மனைவி கேட்டாள்: “கார்டு கார்டுன்னு அலையறீங்களே, நம்ம வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே. துவரம் பருப்பு கிலோ முப்பது, பாமாயில் லிட்டர் இருபத்தஞ்சு, அரிசி ஓசி. வருஷக் கட்டணமும் இல்ல. அதுவும் ஸ்மார்ட் கார்டுதான்.” ரேஷன் கார்டைச் சொல்கிறாள். “அதுல பாயின்ட் ஏறாதே” என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது.

எங்கள் ஊரில் மாணிக்கவாசகருக்குத் தனிக் கோயில் உண்டு. திருவெம்பாவை இங்கே பாடப்பட்டது என்பது ஊர்ப் பெருமை. அவர் கதை தெரிந்ததுதான். பாண்டியன் குதிரை வாங்கப் பணம் கொடுத்து அனுப்புகிறான். இவர் அதில் கோயில் கட்டிவிடுகிறார். அடுத்தவர் பணத்தை முதலில் செலவு பண்ணிவிட்டு, கட்டுகிற தேதியைப் பிறகு யோசிப்பது. ராஜா ஸ்டேட்மென்ட் அனுப்புகிறான். ஆவணி மூலத்தன்று வரும் என்று இவர் தேதி சொல்கிறார். அன்றைக்குக் குதிரைகள் வரத்தான் வந்தன. ராத்திரி எல்லாம் நரியாகி, பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின.

ரிவார்டு பாயின்ட்டுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்த பேங்க்கும் கொடுத்ததில்லை. பகலில் பார்த்தால் லாயம் நிறையப் பரி. என்னிடம் 1,040 பாயின்ட் இருந்தது. நாலு பாயின்ட் ஒரு ரூபாய்; ஆக 260 ரூபாய். எடுக்கப் போனால், எடுப்பதற்குக் கட்டணம் 99 ரூபாய், அதற்கு ஜி.எஸ்.டி. 17 ரூபாய் 82 காசு. மிச்சம் 143 ரூபாய் 18 காசு. அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் சேர்த்து எடுக்கலாம் என்று விட்டு வைத்தேன். அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் அதில் பாதிக்குக் காலம் முடிந்துவிட்டது. லாயத்தில் ஊளைச் சத்தம்தான் கேட்டது. மாணிக்கவாசகரையாவது வைகை மணலில் நிறுத்தியபோது சாமியே வந்து மண் சுமந்து பிரம்படி பட்டார். எனக்காக யார் வரப்போகிறார்கள்? பாட்டுத்தான் வருகிறது, போனில்.

இதில் சிரிப்பாக எழுத முடியாத ஓர் இடம் இருக்கிறது. எனக்குத் தருகிற இந்த நாலு ரூபாயை பேங்க் தன் பையிலிருந்து எடுத்துத் தரவில்லை. கடைக்காரரிடம் பிடிக்கிற கமிஷன் போக, எவனோ ஒருவன் முழுசாகக் கட்ட முடியாமல், குறைந்தபட்சத் தொகை என்று போட்டிருக்கிற ஐந்து சதவீதத்தை மட்டும் கட்டுகிறான் பாருங்கள், அவனிடமிருந்தும் வருகிறது. மாதத்துக்கு மூன்றே முக்கால் சதவீதம், வருஷத்துக்கு நாற்பத்தைந்து. அதற்கு மேலே ஜி.எஸ்.டி. முப்பது சதவீதத்துக்கு மேல் வாங்குவது அநியாயம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. தெருவில் ஒருவன் இதே வட்டிக்கு விட்டால் அதைப் பிடிக்க, 2003-இல் போட்ட கந்துவட்டித் தடைச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் விட்டால் ஏர்போர்ட் லவுஞ்சில் இட்லி தருகிறார்கள். திருவண்ணாமலையில் ஏர்போர்ட்டும் கிடையாது.

சரி, எந்தக் கார்டு நல்லது என்று சொல்கிறேன் என்றேன் இல்லையா? மளிகைக்கும் பெட்ரோலுக்கும் சேர்த்துப் பார்க்கும்போது நீங்கள் முதலில் கவனிக்க வேண்டியது...

ஒரு நிமிஷம். மெசேஜ் வந்திருக்கிறது. ‘அன்பான வாடிக்கையாளரே, இன்னும் 1,700 ரூபாய் செலவு செய்தால் இந்த வருஷக் கட்டணம் தள்ளுபடி. கடைசி நாள் இன்னும் ஐந்து நாளில்.’ வருஷக் கட்டணம் 499, ஜி.எஸ்.டி.யோடு 588 ரூபாய் 82 காசு. அதை விட முடியுமா? அண்ணாச்சி கடையில் ஆறு கிலோ புளி வாங்கிப் போட்டால் என்ன என்று மனைவியிடம் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு பாத்திரம் கொஞ்சம் பலமாகக் கீழே வைக்கப்பட்டது. புளி வேண்டாம். ஆயிரத்து முந்நூறுக்குக் கரண்ட் பில் வரும், அதைக் கட்டிவிடலாம். மிச்சம் 400. அதற்குப் பெட்ரோல் போடலாம். ஆனால் நேற்றுதானே டாங்கை நிரப்பினேன்.

ஐந்து நாளில் நாலு லிட்டரைத் தீர்க்க வேண்டும். எக்ஸ்.எல். லிட்டருக்கு ஐம்பத்தைந்து கொடுக்கிறது. இருநூற்றிருபது கிலோமீட்டர். பதினாலால் வகுத்தால் பதினைந்தே முக்கால் கிரிவலம். நாளைக்கு மூன்று சுற்று, மறுநாள் மூன்று சுற்று என்று வைத்தால்...

கார்டைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இருட்டுகிறது. இப்போதே ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, குலுக்கிக் கேட்டுப் பார்க்க வேண்டும்.