மூச்சு வாங்கியவர்களும் காய் தின்றவர்களும்

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பின விஞ்ஞானிகளுக்கு ஆராய்ச்சிப் பணம் எளிதில் கிடைப்பதில்லையாமே? நம்மூரில் அப்படியெல்லாம் உண்டா? (கல்லூரி மாணவி, தக்கலை)

பதில்: கிடைப்பதில்லைதான். அங்குள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் நிதி பெறும் வாய்ப்பு அவர்களுக்கு வெள்ளையரைவிட 10 சதவீதப் புள்ளி குறைவு என்று 2011-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. படிப்பு, வெளியிட்ட கட்டுரைகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான்.

நம்மூரில் விண்ணப்பம் போடும் வாசல்வரைகூட வராதவர்கள் உண்டு. 1987-இல் அகத்தியமலை ஏறிய ஆய்வாளர்களுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டிய காணிப் பழங்குடியினரோ ஏதோ காயைத் தின்றபடி சளைக்காமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோடு என்ற ஊரிலுள்ள ஆய்வகத்துக்குப் போய் 'ஜீவனி' என்ற மருந்தானது. மருந்து நிறுவனம் தந்த உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், ராயல்டி 2 சதவீதம். பாதி காணிகளுக்கு என்றார்கள். உலகமே பாராட்டியது. சொன்னவனுக்குக் கூலி கொடுப்பது அவ்வளவு அபூர்வம்!

அந்தப் பங்கை வாங்க 1997-இல் பதிவான அறக்கட்டளையின் பெயரோ 'கேரள' என்று தொடங்கியது. மலைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், நம் பேச்சிப்பாறைக் காட்டிலும் காணிகள் இருக்கிறார்கள். 1956-இல் மாநில எல்லை போட்டவர்கள் செடியிடம் மட்டும் சொல்ல மறந்துவிட்டார்கள் போல.