சுவரைத் தட்டிப் பார்த்தல்

நேற்று முன்தினம் மைசூரிலிருந்து கோபிநத்தம் திரும்பியது முதல் என் வலக்கை நடுவிரலின் கணு வீங்கியிருக்கிறது. வைத்தியர் காரணம் கேட்டார். வீடு பார்க்கப் போயிருந்தேன் என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் வினவாமல் தம்முடைய விரலையும் ஒருமுறை தடவிக்கொண்டார்.

மைசூரில் உத்தியோகம் பார்க்கும் என் மகனுக்கு, ரிங் ரோட்டுக்கு அப்பால் எழும்பியிருக்கும் புது அடுக்குமாடியில் ஒரு ஃபிளாட் வாங்குவதா, அல்லது அக்ரஹாரத்துப் பக்கம் மகாராஜா காலத்துத் தொட்டிக்கட்டு வீடொன்றின் மாடிப் பகுதியை வாங்குவதா என்ற தர்க்கம் எங்கள் குடும்பத்தில் மூன்று மாதமாக நடைபெற்று வருகிறது. இரண்டில் எது உத்தமம் என்பதை முடிவில் சொல்கிறேன். அதற்கு முன் தரகரைப் பற்றி ஒரு வார்த்தை. 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரிந்த பின்னும் எங்களுக்குப் பட்டணம் என்றால் மைசூர்தான். ஆனால் மைசூர்த் தரகருக்குக் கோபிநத்தம் என்றால் ஒரே ஒரு சந்தனக் கடத்தல்காரனின் மீசைதான். ஊர்ப் பெயரைச் சொன்னதும் அவர் என் மேலுதட்டை நோக்கினார். அது சுத்தமாக மழிக்கப்பட்டிருந்ததைக் கண்டு பயம் தெளிந்தவராய், அதன்பின் விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்க மறுத்துவிட்டார்.

ஃபிளாட்டுக்குள் நுழைந்ததும் என் மைத்துனர் சுவரைத் தட்டினார். ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவர் அவர். கட்டடத்துக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம், அதற்குள் குடியிருக்கிறார் என்பது மட்டுமே. தேங்காயைத் தட்டி வாங்குகிறவனுக்கு முற்றலின் ஓசை தெரியும். பலாப்பழத்தைத் தட்டுகிறவனுக்கும், மிருதங்கத்தைத் தட்டுகிற வித்துவானுக்கும், நோயாளியின் மார்பைத் தட்டுகிற டாக்டருக்கும் தாம் எதிர்பார்ப்பது இன்னதென்று நிச்சயமாகத் தெரியும். சுவரைத் தட்டுகிறவனுக்கோ எந்த ஓசை வந்தால் மகிழ்வது, எந்த ஓசை வந்தால் முகம் சுளிப்பது என்ற ஞானம் எள்ளளவும் கிடையாது. ஆயினும் தட்டுகிறோம். மைத்துனர் காதை வைத்துத் தட்டினார். அவர் தட்டிய இடத்துக்கு ஒரு சாண் தள்ளி நான் தட்டினேன். என் மனைவி சமையலறை மேடையைத் தட்டினாள். நாங்கள் தட்டுவதைக் கண்டு கூச்சமுற்ற தரகரும் மரியாதைக்காகக் கதவைத் தட்டினார். பிறகு குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரை நால்வரும் கங்காதரிசனம்போல மௌனமாகப் பார்த்து நின்றோம். மறுபடியும் சுவருக்கு வந்து மைத்துனர் மூன்று முறை தட்ட, அப்பாலிருந்து யாரோ மூன்று முறை திருப்பித் தட்டினார்கள்.

"ஹாலோ பிளாக் மாமா," என்றார் மைத்துனர், பரம திருப்தியுடன்.

விலைப் பத்திரத்தில் 1,150 சதுர அடி; உள்ளே அளந்தால் 830. மீதி 320-இல் லிஃப்டும் படிக்கட்டும் வாசல் கூடமும் அடக்கமாம். கார்ப்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் விற்க வேண்டுமென்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருக்கையில், லிஃப்டில் எனக்குச் சொந்தமான பாகத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

பழைய வீட்டின் சுவரோ இரண்டடிக் கனம். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். மேலே தேக்கு உத்திரங்களின்மீது செங்கற்களைக் குத்துவாட்டில் அடுக்கிய மெட்ராஸ் தளம். "அரண்மனை காலத்துக் கட்டடம், சார்," என்றார் தரகர். எந்த அரண்மனை என்று விசாரித்தேன். 1897-இல் கல்யாணத்தின்போது தீப்பிடித்து எரிந்த மரத்து அரண்மனையா, ஹென்றி இர்வின் வரைபடப்படி 1912-இல் முடிந்த இப்போதைய அரண்மனையா? அவருக்கு இரண்டும் சம்மதமாகவே இருந்தது. 1892-ஆம் ஆண்டு லான்ஸ்டவுன் கட்டடத்தில் ஒரு பகுதி 2012-இல் இடிந்து விழுந்ததையும், செப்பனிடுவதா இடிப்பதா என்று வல்லுநர்கள் ஆண்டுக்கணக்கில் விவாதித்ததையும் நினைவூட்டினேன். அந்த வல்லுநர்களிடையே என் மைத்துனர் இடம்பெறாத குறையை அவரே இங்கு நிவர்த்தி செய்யலானார். தட்டினார், ஓசையே எழவில்லை. பலமாகத் தட்டினார், உள்ளங்கை அகலக் காரை பெயர்ந்து அவர் தலையில் விழுந்தது. பொறாமையால் நான் அதனினும் பலமாகத் தட்டிய தட்டுத்தான் வைத்தியரிடம் கொண்டுபோய் விட்டது.

எது உத்தமம் என்பதைச் சொல்லத் தொடங்குகையில் மைத்துனரே தொலைபேசியில் வந்துவிட்டார். நஞ்சன்கூடு சாலையில் மூன்றாவதாக ஒரு வீடு இருக்கிறதாம். விரல் குணமாகட்டும் என்றேன்.

"இடது கை சும்மாத்தானே மாமா இருக்குது?"