ஹாஃப் கிளட்சும் குரல் பதிவும்

வாகனம் ஓட்டப் பழகுதல் என்பது, 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி பழகுநர் உரிமம், அதாவது பேச்சுவழக்கில் எல்.எல்.ஆர்., பெற்ற பின்னரே தொடங்க வேண்டும் என்றாலும், நடைமுறையில் பயிற்சிப் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கப்படும் கணத்திலேயே தொடங்கிவிடுகிறது. சென்ற வாரம் அத்தகைய குழுவொன்றில் வந்திறங்கிய நான்கு நிமிடக் குரல் பதிவை ஆராய்தல் இன்றியமையாதது.

அப்பதிவு ‘ஹாஃப் கிளட்ச்’ பற்றியது. ஹாஃப் கிளட்ச் என்பது, கிளட்சை முழுதும் மிதிக்காமலும் முழுதும் விடாமலும் நடுவில் நிறுத்தி, எஞ்சினின் சுழற்சி சக்கரங்களுக்குச் சிறிது சிறிதாகச் சேருமாறு செய்யும் நிலை. அது இடது காலால் உணரத்தக்கதேயன்றிக் காதால் கேட்கத்தக்கதன்று. எனினும் பயிற்சிப் பள்ளி மாஸ்டர் அதனைச் சொல்லால் விளக்கத் துணிந்தார். முதல் நிமிடத்தில் ‘மெதுவா விடுங்க’ என்றார். இரண்டாம் நிமிடத்தில் ‘இன்னும் மெதுவா’ என்றார். மூன்றாம் நிமிடத்தில் ‘அவ்ளோ மெதுவா வேணாம்’ என்றார். நான்காம் நிமிடத்திலோ, வண்டி குலுங்கி அணையும் ஓசையும், பின்னால் நின்ற பேருந்தின் ஹாரனும், ‘பயப்படாதீங்க மேடம், பிரேக்ல கால் வெச்சிருக்கேன்ல’ என்னும் ஆறுதலும் ஒருங்கே பதிவாகியிருந்தன.

இதனால் பெறப்படுவது யாதெனில், ஒருவருக்குரிய பாடம் மற்றொருவரின் வகுப்பில் பதிவாகிறது. அம்மற்றொருவருக்குரியது மூன்றாமவரின் வகுப்பில். மூன்றாமவருக்குரியது நான்காமவரின் வகுப்பில். அரைமணி நேரத்துக்குப் பணம் கட்டிய ஒவ்வொருவரும், அந்த அரைமணியில் பிறருடைய கல்வியைச் சுமந்து ஊரைச் சுற்றிவந்து, தம்முடைய கல்வியை இரவில் ரசஞ்சாதத்தோடு பிசைந்து உண்கின்றனர். அவ்வேளையில் மேசைக்கடியில் இடது கால் தானாக அழுந்துவதும் உண்டு. இக்கட்டுரையாசிரியருக்கு மிக நெருங்கிய ஒரு நடுவயதுப் பழகுநர் (இருவருக்கும் ஒரே ஜோடிச் செருப்புதான்) இவ்வாறு மிதித்தது மனைவியின் காலை என்பதும், ‘முழுசா விட்டுத் தொலைங்க’ என்று நான்கு நிமிட விளக்கத்தை அவ்வம்மையார் மூன்றே சொற்களில் முடித்தார் என்பதும் ஆய்வாளர் கவனத்துக்குரியன.

குழுவில் எஞ்சியோர் அனைவரும் கட்டைவிரலை உயர்த்தினர். கட்டைவிரல் குறிக்கு ‘கேட்டேன்’ என்பது அகராதிப் பொருள். ‘கேட்கப் போவதில்லை’ என்பதே வழக்குப் பொருள்.

ஓட்டுபவர் கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதைச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்துவிட்டது. பழகுநருடன் வரும் பயிற்றுநரோ, வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ இயலுமாறு அமர்ந்திருக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. அமரும் இடத்தைச் சொன்ன அவ்விதி, கண் இருக்க வேண்டிய இடத்தைச் சொல்லாமல் விட்டது.

ஆகவே மாஸ்டர்மார், சாவியைத் திருப்பச் சொல்லுமுன் தம் கைப்பேசியை டேஷ்போர்டுக்குள் வைத்து மூடுவார்களாக. எல்.எல்.ஆர். ஆறு மாதமே செல்லும். மேற்படி பழகுநருக்கு அதில் ஐந்து மாதம் கழிந்துவிட்டது.